ஊசி காட்டிக் கொடுத்த நிழல்

பன்னிரண்டே கால் மணிக்கு ஆலியாங்குக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, மூன்று மணிக்கு ஒரு பெண்ணின் ஆறு வருட உழைப்பு குப்பைக்குப் போகப் போகிறது. இரண்டு, அவன் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. எது பெரிய கவலை என்று கேட்டால் முதலாவதைத்தான் சொல்லியிருப்பான். கொஞ்சம் யோசித்துவிட்டு.

சின்ச்சூ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய முதலாளி ஜுவாங் மின்ஹுவா. இருபத்திரண்டு வருடம் சுங்க இலாகாவில் ஊரார் பெட்டிகளைக் குடைந்து பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். ஆலியாங் அதற்கு முன் டாக்ஸி ஓட்டினான். ஒரு நாள் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அவளுக்கு அந்த வாய் பிடித்துப் போனதா, இல்லை அவன் குறுக்குச் சந்து ஓட்டியது பிடித்துப் போனதா என்று இன்றுவரை தெரியாது.

எதிரே ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம் நின்றது. எஃகுக் குடுவைகள், குழாய்கள், வட்டக் கண்ணாடிச் சன்னல்கள், மேலே சுற்றிய அலுமினியத் தாள்.

"என்னக்கா இது, வாத்து சுடற அடுப்பு மாதிரி இருக்கு?" என்றான் ஆலியாங்.

"இதுக்குப் பேரு அத்தை," என்றாள் வென் ஜிலின். இவள்தான் வழக்கைக் கொண்டுவந்த கட்சிக்காரி. இருபத்தொன்பது வயது, முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடம், மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "கோவம் வந்தா ஒரு வாரம் பேசமாட்டா. அதனால அத்தை."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. ஆனா அது எவ்வளவு கோவம் வந்தாலும் பேசிட்டே இருக்கும்."

"ஆலியாங், வாயை மூடு," என்றாள் மின்ஹுவா. "ஜிலின், நீ சொல்லும்மா. எனக்கு அணு கினு எதுவும் தெரியாது. சந்தையில மீன் விக்கறவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

ஜிலின் சொன்னாள். உலோகத்துக்குள்ளே அணுக்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். ஆனால் மேல்பரப்பில் இருக்கிற அணுவுக்குத் தலைக்கு மேலே பக்கத்து வீடு கிடையாது. அதனால் அங்கே இருப்பவை தங்கள் இஷ்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் இவர்கள் வேலை. அத்தையின் வயிற்றுக்குள் காற்றே இல்லாத இடத்தில் ஓர் ஊசி இருக்கிறது. அது பரப்பைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் போகும். அணு இருக்கிற இடத்தில் மேடு, இல்லாத இடத்தில் பள்ளம். வரி வரியாகத் தடவி முடித்தால் ஒரு படம் கிடைக்கும்.

"கண்ணு தெரியாதவங்க முகத்தைத் தடவிப் பாத்து ஆளைச் சொல்ற மாதிரி," என்றான் ஆலியாங்.

"தொடாம தடவணும் அண்ணா. அதான் கஷ்டம்."

வெள்ளித் தகட்டின் மேல் ஒரே ஓர் அணு கனத்துக்கு வெள்ளீயம் பரப்பினால் அது அறுகோண அறுகோணமாக அமரும் என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி ஜிலின் எடுத்த படத்தில் ஐங்கோணம் தெரிந்தது. வரிசையாக, அழகாக, ஐந்து ஐந்து அணுக்களாக. மே ஐந்தாம் தேதி வேறு வேலையாகத் தன் பேராசிரியர் ஹூவின் அறைக்குப் போனாள். அவர் மேஜையில் அதே படம் ஏற்கெனவே இருந்தது. கீழே ஃபான் செங்யே என்று பெயர் போட்டிருந்தது. ஃபான் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் முனைவர். மார்ச் பதினான்காம் தேதியே எடுத்ததாகவும், இரண்டு நாள் முன்பே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னான். ஜிலினின் கணினியில் இருந்த படங்கள் அன்றைக்கே மாயமாகியிருந்தன. அடுத்தவன் படத்தைத் திருடியவள் என்று அவளை ஆய்வுக்கூடத்துக்குள் விடாமல் நிறுத்திவைத்தார்கள். இயந்திரத்தைக் காட்ட இன்று மட்டும் அனுமதி கிடைத்தது. மூன்று மணிக்கு விசாரணை. தோற்றால் பட்டமும் போகும், பெயரும் போகும்.

"பதிமூணு நாள் கையில வச்சிருந்துட்டு ஏன் காட்டல?" என்று மின்ஹுவா கேட்டாள்.

"இன்னும் முடியலன்னு நெனச்சேன் மேடம்," என்று சொல்லிவிட்டு ஜிலின் தரையைப் பார்த்தாள்.

மின்ஹுவா ஃபான் பெயர் போட்ட அந்தப் படத்தின் பிரதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சுங்க இலாகாவில் கள்ளப் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதே பார்வை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. ஆலியாங்கின் வயிறு சத்தம் போட்டது.

"ஒவ்வொரு புள்ளிக்கும் வலது பக்கம் கீழே சின்னதா ஒரு நிழல் இருக்கே? எல்லாத்துக்கும் ஒரே பக்கம், ஒரே தூரம்."

மூலையில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்த தாவ் மாஸ்டர் நிமிர்ந்தார். பத்தொன்பது வருடமாக இந்த இயந்திரத்தைப் பராமரிக்கிற தொழில்நுட்பக்காரர்.

"கெட்டிக்காரி நீங்க," என்றார். "அது ஊசியோட கோளாறு. நுனியில ஒரு முனை இருந்தா ஒரு அணுவை ஒரு தடவை பாக்கும். நுனி மழுங்கி ரெண்டு முனையாயிட்டா அதே அணுவை ரெண்டு தடவை பாக்கும். ரெண்டாவது தடவை பாத்ததுதான் அந்த நிழல். ஒவ்வொரு கெட்டுப்போன ஊசிக்கும் ஒவ்வொரு மாதிரி விழும். கைரேகை மாதிரி."

"ஊசி எப்படிக் கெட்டுது?"

"ஏப்ரல் இருபது காலைல நிலம் ஆடிச்சுல்ல? ஊசி போய்ப் பரப்புல முட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடி எடுத்ததைப் பாருங்க." சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். அது மார்ச் இரண்டாம் தேதி ஹூ எடுத்தது. நிழல் இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மின்ஹுவாவின் முகம் மலர்ந்தது. "அப்போ நிழல் விழுந்த படம் ஏப்ரல் இருபதுக்கு அப்புறம் எடுத்ததுதான். அந்தச் சமயம் ஃபான் எங்க இருந்தார்?"

"ரிசர்வ் ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க. பத்தொம்பதாம் தேதி போயி மே ரெண்டு சாயங்காலம்தான் வந்தார்," என்றாள் ஜிலின்.

"முடிஞ்சுதுக்கா," என்று ஆலியாங் கையைத் தட்டினான். "வாங்க, சாப்பிடப் போலாம்."

"முடியல தம்பி," என்றார் தாவ் மாஸ்டர். பதிவேட்டைத் தூக்கி வந்து போட்டார். அதில் மார்ச் பத்து என்று தேதியிட்டு, 'ஊசி மாற்றப்பட்டது' என ஃபானின் கையெழுத்து இருந்தது. "மார்ச் ரெண்டாம் தேதி ஊசி வேற, பதினாலாம் தேதி ஊசி வேறங்கறான். புது ஊசியைச் சரியா வெட்டல, முதல் நாள்லேருந்தே ரெண்டு முனைங்கறான். நான் மார்ச்சுல இடுப்பு வலின்னு லீவுல இருந்தேன். என்னால ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"அப்போ கேள்வி ஒண்ணே ஒண்ணு," என்றாள் மின்ஹுவா. "மார்ச் பத்தாம் தேதி ஊசி மாறுச்சா, மாறலையா? மாறலைன்னா படம் இவளோடது. பதிவேட்டுல யாரும் எப்ப வேணா எழுதலாம். வேற ஏதாவது சாட்சி இருக்கா?"

தாவ் மாஸ்டர் மேலே கையைக் காட்டினார்.

அத்தையின் உச்சந்தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. தேங்காய்ப்பால் வாசனை போட்ட சோளப் பொரி. ஆலியாங்குக்கு அது புதிதில்லை. அவன் டாக்ஸியின் முன் கண்ணாடிக்குக் கீழே ஒன்பது வருடம் அப்படி ஒன்று இருந்தது. வங்கி இயந்திரத்தின் மேலும் இருக்கும், ஆஸ்பத்திரி இயந்திரத்தின் மேலும் இருக்கும். பச்சை இருந்தால் இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ளும். வேறு நிறம் வைக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி முடிந்ததை வைக்கவே கூடாது.

"இங்க எங்க வழக்கம் என்னன்னா," என்றார் தாவ் மாஸ்டர், "ஊசி மாத்தினா பொட்டலத்தையும் மாத்தணும். மாத்தினவன் பேரும் தேதியும் எழுதணும். அந்த ஊசில நல்ல படம் வந்தா, அத்தைக்கு நன்றின்னு பொட்டலத்து மேல ஒரு நட்சத்திரம் போட்டுத் தேதி போடணும். ஊசி இருக்கற வரைக்கும் பொட்டலத்தை ஒருத்தரும் தொடமாட்டோம். யாரு பேரு இருக்குன்னு நானும் ஏறிப் பாத்ததில்ல."

மின்ஹுவா நாற்காலி போட்டு ஏறினாள். கையால் தொடாமல் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்தாள். சுங்க இலாகா பழக்கம். இறங்கும்போது அவள் முகத்தில் மலர்ச்சி இல்லை.

"மார்ச் பத்து, ஃபான் செங்யேன்னு எழுதியிருக்கு. மார்ச் பதினாலுக்கு ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான்."

"இது அந்தப் பொட்டலம் இல்ல!" ஜிலினின் குரல் உடைந்தது. "பிப்ரவரி இருபத்தாறுல நான்தான் ஊசி மாத்தினேன். என் பேரு போட்ட பொட்டலம்தான் ஏப்ரல் கடைசி வரைக்கும் இங்க இருந்துது. நான் மூணு நட்சத்திரம் போட்டிருக்கேன். சத்தியமா மேடம்."

சத்தியத்தை விசாரணைக் குழு எடுத்துக்கொள்ளாது. அது அந்த அறையில் இருந்த நால்வருக்கும் தெரிந்தே இருந்தது.

வெளியே காற்று ஆளைத் தள்ளியது. சின்ச்சூவில் அது புதிதா என்ன. ஒன்றரை மணி. மின்ஹுவா பேசாமல் நடந்தாள். ஆலியாங்கும் பேசாமல் நடந்தான், அதாவது அவனைப் பொறுத்தவரை.

"அக்கா, அந்த ஃபானை நான் வாசல்ல பாத்தேன். சட்டைல ஒரு சுருக்கம் இல்ல. அவ்வளவு சுத்தமா இஸ்திரி போட்டவனை நான் டாக்ஸிலயே நம்பமாட்டேன். வண்டில ஏறினதும் சீட்டைத் தொடைப்பானுங்க, எறங்கும்போது சில்லறைக்குச் சண்டை போடுவானுங்க."

"விசாரணைக் குழுகிட்ட இஸ்திரியைச் சாட்சியா காட்டவா?"

"நான் சொல்றதைச் சொன்னேன். வாங்க, கடையில ஏதாவது வாங்கித் தின்னுட்டே யோசிப்போம். காலி வயித்துல மூளை ஓடாது, எனக்கு."

தெருமுனைக் கடைக்குள் போனார்கள். ஆலியாங் இரண்டு சோற்று உருண்டைகளும் ஒரு சூடான தேநீரும் எடுத்தான். பிறகு அந்த இயந்திரத்தைப் பார்த்த ஞாபகத்தில், புது வண்டிக்கும் ஒன்று வைக்கலாமே என்று பச்சைப் பொட்டலம் இருந்த அலமாரிக்குப் போனான். முன்வரிசையில் ஏழெட்டு இருந்தன. அவன் கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து ஒன்றை உருவினான். முன்னால் இருந்த இரண்டு கீழே விழுந்தன.

"முன்னாடி இருக்கறதுக்கு என்ன கேடு?" என்றாள் மின்ஹுவா.

"இதென்ன கேள்விக்கா? கடைசித் தேதி தள்ளி இருக்கறதை எல்லாம் பின்னாடிதான் அடுக்குவாங்க. தேதி தள்ளி இருந்தாத்தான் ரொம்ப நாளைக்கு வண்டி சமர்த்தா ஓடும். எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க. வண்டிக்கு வைக்கறவன் எவனும் முன்வரிசைல எடுக்கவே..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. மின்ஹுவா அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கித் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: தயாரித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்.

"ஒன்பது மாசம்," என்றாள். செல்போனை எடுத்தாள். அத்தையின் தலையில் இருந்த பொட்டலத்தின் அடிப்பக்கப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். கடைசித் தேதி தெளிவாக இருந்தது. அடுத்த வருடம், பிப்ரவரி நான்கு.

ஆலியாங் விரல் விட்டு எண்ணினான். ஜனவரி, டிசம்பர், நவம்பர் என்று பின்னோக்கிப் போய் மே மாதத்தில் நின்றான். மறுபடி எண்ணினான். மறுபடியும் மே.

"மே நாலாம் தேதிதான் இந்தப் பொட்டலமே பொறந்திருக்கு," என்றான். "ஆனா மார்ச் பத்துல கையெழுத்து போட்டிருக்கான். கொழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல சேத்துட்டானே பாவி!"

"பதிவேட்டைத் திருத்த வந்தவன் பொட்டலத்தையும் மறக்கல. அது வரைக்கும் புத்திசாலி," என்றாள் மின்ஹுவா. "ஆனா கடைல நின்னப்போ கை பழக்கத்துக்குப் பின்னாடி போயிடுச்சு. முன்வரிசையில ஒரு பழசை எடுத்திருந்தா நாம தோத்திருப்போம்."

அவள் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. ஆலியாங்குக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பசிகூடக் கொஞ்சம் அடங்கிவிட்டது. கொஞ்சம்தான். சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினான்.

ஐந்தாவது மாடியில் விசாரணை அறை. நீள மேஜை, ஆவி பறக்கிற தேநீர்க் கோப்பைகள், சன்னலை அடிக்கிற காற்று. நடுவில் குழுத் தலைவர் பேராசிரியை லியான். வெள்ளை முடி, கூர்மையான கண், வளவள என்று பேசினால் பேனாவால் மேஜையைத் தட்டுகிற பழக்கம். பக்கத்தில் பேராசிரியர் ஹூ, பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தாவ் மாஸ்டரைச் சாட்சிக்காக வரவழைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஜிலின். எதிர்ப்பக்கம் ஃபான் செங்யே, முப்பத்துநாலு வயது, மடியில் ஒரு கறுப்புத் தோள்பை. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தான்.

ஃபான் முதலில் பேசினான். பதிவேட்டைக் காட்டினான், கணினியில் தேதியைக் காட்டினான், அத்தையின் தலையில் இருக்கும் பொட்டலத்தைப் பற்றியும் சொன்னான். ஜிலின்மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லை என்றும் சொன்னான். அந்தக் கடைசி வரிதான் ஆலியாங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மின்ஹுவா எழுந்தாள். "ஒரு சந்தேகம் மட்டும் தீத்து வைங்க, முனைவர் ஃபான். பொட்டலம் பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அதுல எப்படிக் கையெழுத்து போட்டீங்க?"

செல்போன் மேஜையைச் சுற்றி வந்தது. ஹூ கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். லியான் மனசுக்குள் எண்ணியது உதட்டில் தெரிந்தது.

ஃபானின் காது சிவந்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவன் இல்லை. மூன்று நொடிதான், முகத்தை நேராக்கிக்கொண்டான்.

"ஓ, அதுவா? பழைய பொட்டலம் கிழிஞ்சு போச்சு மேடம். மே கடைசில புதுசு வாங்கி வச்சேன். ஊசி மாத்தின தேதியையும் நட்சத்திரத்தையும் அப்படியே எடுத்து எழுதினேன். அதுல தப்பு என்ன இருக்கு?"

"பழசு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

தாவ் மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"தூக்கிப் போட்டியா? அத்தை தலைல இருந்ததைக் குப்பைத்தொட்டிலயா போட்டே?"

ஹூவும் ஃபானைப் பார்த்தார். படத்தைத் திருடினாயா என்று கேட்டபோதுகூட அவர் இவ்வளவு அதிர்ச்சியாகப் பார்க்கவில்லை. லியானின் பேனா மேஜையைத் தட்டாமல் அந்தரத்தில் நின்றது. அந்த அம்மாவின் அறையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கிறது என்று ஆலியாங் அந்தக் கணத்தில் புரிந்துகொண்டான்.

"நானும் அதைத்தான் நம்ப மாட்டேங்கறேன்," என்றாள் மின்ஹுவா. "தேதியை மாத்துவார். பதிவேட்டுல எழுதுவார். அடுத்தவங்க கணினியைத் தொடைப்பார். ஆனா நல்லா ஓடற இயந்திரத்து மேல இருந்த பொட்டலத்தைக் குப்பைல போட இவருக்குக் கை வராது. இந்த ஊர்ல இயந்திரத்தோட மல்லுக்கட்டற எவருக்கும் வராது. எங்கயோ பத்திரமா வச்சிருக்கார்."

"கற்பனை," என்றான் ஃபான். பையை இன்னும் கொஞ்சம் அணைத்தான்.

அப்போது ஆலியாங் கையைத் தூக்கினான், வகுப்பில் பையன் மாதிரி.

"அம்மா, ஒரு வார்த்தை. பசி காதை அடைக்குதுன்னு சொல்லுவாங்க. எனக்குப் பசிச்சா காது தெறந்துக்கும். அவர் அந்தப் பையை அணைக்கறப்ப எல்லாம் உள்ள 'சரக் சரக்'னு ஒரு சத்தம் வருது. காகிதச் சத்தம் இல்ல, துணிச் சத்தம் இல்ல. நாப்பத்தொரு வருஷமா பொரிப் பொட்டலம் பிரிச்சவன் நான். இந்தச் சத்தத்துல நான் தப்பு பண்ணமாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். ஃபான் சிரிக்கவில்லை.

"முக்கியமான நாளுக்குப் போறோம், எல்லாம் சமர்த்தா நடக்கணும்னு கையோட எடுத்துட்டு வந்திருப்பார்," என்றாள் மின்ஹுவா மெதுவாக. "இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நானும் பரீட்சைக்கு எடுத்துட்டுப் போனவதான்."

"பையைத் திறங்க, முனைவர் ஃபான்," என்றார் லியான்.

"இது என் சொந்தப் பை."

"திறக்க வேண்டாம்னா வேண்டாம். திறக்கலன்னு குறிப்புல எழுதிக்கறோம்."

காற்று சன்னலை இரண்டு தடவை அடித்தது. ஃபான் ஹூவைப் பார்த்தான். ஹூ அவனைப் பார்க்கவில்லை. கடைசியில் பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. பச்சைப் பொட்டலம் மேஜைக்கு வந்தது. கிழியவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஒரு மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தான், அவ்வளவு பத்திரம்.

லியான் சத்தமாகப் படித்தார். "பிப்ரவரி இருபத்தாறு, வென் ஜிலின். நட்சத்திரம், மார்ச் ரெண்டு, ஹூ. நட்சத்திரம், மார்ச் பதினெட்டு..." நிறுத்தினார். "இது உங்க கையெழுத்துதானே, முனைவர் ஃபான்? ஊசியோட சேத்துப் பத்தாம் தேதியே மாத்திட்டதா சொன்ன பொட்டலத்துக்குப் பதினெட்டாம் தேதி எப்படி நன்றி சொன்னீங்க?"

ஃபான் பொட்டலம் சுற்றியிருந்த துணியை எடுத்து மடித்தான்.

"ஏப்ரல் இருபத்திரண்டு, இருபத்துமூணு, இருபத்துநாலு. மூணு நட்சத்திரம், ஜிலின்," என்று லியான் தொடர்ந்தார். "பக்கத்துல ஒரு ஐங்கோணம் வரைஞ்சிருக்கு. அப்போ மார்ச் பத்துல ஊசி மாறல. ஒரே ஊசி. அது நிலநடுக்கத்துலதான் கெட்டுப் போச்சு. படம் அதுக்கப்புறம் எடுத்தது. அப்போ நீங்க ராணுவ முகாம்ல இருந்தீங்க."

ஜிலின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆலியாங் மின்ஹுவாவின் முழங்கையை இடித்தான். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தான். வெளியே போனதும் எந்தக் கடையில் சூப் குடிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டான்.

ஃபான் சிரித்தான். அசிங்கமான, களைத்துப்போன சிரிப்பு.

"சரி. படம் அவளோடது. எடுத்துக்கட்டும். ஆனா நீங்க என்ன நிரூபிச்சீங்கன்னு யோசிச்சீங்களா? ஊசிக்கு ரெண்டு முனைன்னு நிரூபிச்சீங்க. ரெண்டு முனை இருந்தா இல்லாத அணுகூடப் படத்துல தெரியும், இருக்கற அணு மறைஞ்சும் போகும். அந்த அஞ்சாவது புள்ளி அணுவா, நிழலா? யாருக்குத் தெரியும்? நான் அவசரத்துல அதைப் பாக்கல. நான் திருடினதே செல்லாக்காசா இருக்கலாம். அவ ஆறு வருஷமும் அப்படித்தான்."

ஆலியாங்குக்குச் சூப் கடை மறந்துபோயிற்று. மின்ஹுவாவைப் பார்த்தான். அவள் அந்தப் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். நிழலைப் பிடித்துக்கொண்டு அவர்கள்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். அந்த நிழலே இப்போது கட்சிக்காரியின் மேல் விழுந்தது. லியான் ஹூவைப் பார்த்தார். ஹூ மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆமாம், அப்படியும் இருக்கலாம்.

ஜிலின் கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரெண்டாவது நாளே அந்த நிழலைப் பாத்தேன். அதனாலதான் சார்கிட்ட காட்டல. கணக்கு போட்டுப் பாத்தேன், அஞ்சாவது நிழல் இல்லன்னுதான் தோணுது. ஆனா தோணினாப் போதுமா? புது ஊசி வெட்டி, திரும்ப எடுத்துப் பாத்துட்டு அப்புறம் காட்டணும்னு இருந்தேன். மே மூணாம் தேதிலேருந்து அத்தை இவரோட முறை. அஞ்சாம் தேதி சார் மேஜைல படத்தைப் பாத்ததும் பதறிப் போய்ச் சொல்லிட்டேன்."

பேராசிரியர் ஹூ தொண்டையைச் செருமினார். ஐந்து வாரமாக இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காதவர், இப்போது பார்த்தார்.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"அத்தையை ஒரு வாரம் குடுங்க சார்."

"எடுத்துப் பாத்து அஞ்சு இல்லன்னா? எல்லாரும் சொல்ற மாதிரி ஆறுதான்னா? பழையபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆறுன்னா ஆறுதான் சார்." ஜிலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தப்பா இருந்தாலும் அது என் பேர்லயே தப்பா இருக்கட்டும்."

ஹூ எழுந்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஆய்வுக்கூடத்துச் சாவியை எடுத்து, மேஜையின் மேல் தள்ளாமல், சுற்றிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் தலை குனிந்திருந்தது. தாவ் மாஸ்டர் மட்டும், "நான் இப்பவே போய்ப் புது ஊசிக்குக் கம்பி எடுத்து வைக்கறேன்," என்று முணுமுணுத்தபடி எல்லோருக்கும் முன்னால் வெளியேறினார்.

எட்டு நாள் கழித்து, சந்தைக்குப் பக்கத்தில் இறைச்சி உருண்டை சூப் கடையில் மின்ஹுவாவும் ஆலியாங்கும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபானின் கட்டுரையைப் பத்திரிகையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவனையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதெல்லாம் பழைய செய்தி. ஜிலினிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. ஆலியாங் ஒரு நாளைக்கு நாற்பது தடவை செல்போனைப் பார்த்தான். மின்ஹுவா பார்க்காத மாதிரி இருந்தாள், ஆனால் அவன் பார்க்கும்போதெல்லாம் அவளும் கரண்டியை நிறுத்தினாள்.

"புது ஊசி வெட்டறதே ஒரு கலையாம்க்கா. இடுக்கியால கம்பியை இழுத்துக்கிட்டே வெட்டணுமாம். இருபது வெட்டினா ஒண்ணு தேறுமாம். தாவ் மாஸ்டர் சொன்னார்."

"சூப்பைக் குடி. ஆறிடப் போகுது."

செல்போன் அடித்தது. ஆலியாங் அதைக் காதில் வைப்பதற்குள் கிண்ணம் தட்டிக் கொஞ்சம் சூப் சிந்தியது. மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பின்னால் தாவ் மாஸ்டர் யாரையோ சத்தம் போடுவது கேட்டது. யாரோ அழுதார்கள், இல்லை சிரித்தார்கள்.

"அண்ணா," என்றாள் ஜிலின். "அஞ்சு. நிழலே இல்லாம அஞ்சு."

உலகத்தில் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ஆலியாங் கரண்டியைக் கீழே வைத்தான். கண் கரித்தது. மின்ஹுவா என்ன, என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

மின்ஹுவா அந்த விரல்களை எண்ணினாள். பிறகு தன் கிண்ணத்திலிருந்து ஓர் இறைச்சி உருண்டையை எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டாள்.